இளைக்கும் கம்பி

பிளாட்டினக் கம்பி மறுபடியும் எடை குறைந்திருந்தது.

லக்ஷ்மண் தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடி இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தான். கம்பி இளைத்துத்தான் இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்துக்கு அவன்தான் தலைவன். காலையில் கம்பியை நிறுத்துக் கொடுப்பான், மாலையில் நிறுத்து வாங்கிப் பூட்டுவான். திருவள்ளூரில் கோயில் பொறுப்பில் இருக்கும் அவன் வீட்டார் பெருமாள் நகைகளைக் கைமாற்றும்போது அப்படித்தான் செய்வார்கள். எடை குறைந்தால் அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இங்கே கை வைக்கக்கூடியவள் ஒருத்திதான். உதவி ஆராய்ச்சியாளர் ஹஸ்னா. கம்பி நாள் முழுக்க அவள் பொறுப்பில்தான் இருக்கும். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், இந்த வாரம் இவனுக்கு முன்பே வந்து ஏதோ நோண்டிக்கொண்டிருக்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

அதுவும் இன்றைக்கா! முதலாளி இன்று பணம் போடுகிறவர்களை அழைத்து வருகிறார்.

அவர்கள் பார்க்க வருவது லக்ஷ்மணின் பொடியை. மலிவான நிக்கலையும் மாலிப்டினத்தையும் கலந்து கண்ணுக்குத் தெரியாத துகளாக்கியது. தகட்டில் பூசி, அமிலம் கலந்த தண்ணீரில் நிறுத்தி, எதிர்முனையாக அந்தக் கம்பியை வைத்து மின்சாரம் கொடுத்தால் ஹைட்ரஜன் பொங்கும். மற்றவர்களின் பொடி நாள்பட நாள்படச் சோர்ந்துபோகும். அவனுடையது நாள்பட நாள்படச் சுறுசுறுப்பானது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் பெயரை நாலு பேர் சொல்லப்போகிறார்கள்.

"ஏம்மா, கம்பி கொறைஞ்சுகினே போகுதே, எங்க போகுது?"

அழுவாள் என்றுதான் எதிர்பார்த்தான். ஹஸ்னா ஜன்னலோரம் இருந்த ஒரு குடுவையைக் காட்டினாள்.

"என்னைத்தான் சந்தேகப்படுறீங்கன்னு தெரியும் சார். அதான் சீக்கிரமா வந்து இதை வெச்சேன். உங்க பொடிதான், புதுத் தகடு. எதிர்ல பிளாட்டினம் இல்ல, வெறும் கார்பன் குச்சி."

தகட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குமிழிகள். கேஸ் போன சோடா மாதிரி இருந்தது.

"கம்பி அமிலத்துல கொஞ்சம் கொஞ்சமா கரையுது சார். கரைஞ்சது உங்க தகட்டுல போய் ஒட்டிக்குது. இத்தினி நாளா வேலை செஞ்சது அந்தப் பிளாட்டினம்தான், உங்க பொடி இல்ல."

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

லக்ஷ்மண் அவள் வைத்த தகட்டை உருவி சிங்க்கில் போட்டான். பழைய தகட்டை மாட்டினான், எதிரே பிளாட்டினக் கம்பியை. சுவிட்சைப் போட்டதும் குடுவை நுரைத்துப் பொங்கியது. வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இன்டர்காமை எடுத்தான். மறுமுனையில் வாட்ச்மேன் ராஜமாணிக்கம்.

"ஹஸ்னா பிளாட்டினத்தைத் திருடிட்டா. இப்ப வெளிய வருவா. பையை சோதிச்சு அனுப்புங்க."

"அந்தப் பொண்ணா? இன்னா சார் சொல்றீங்க!"

ஹஸ்னா எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"கொஞ்சம் கொஞ்சமா எடுத்திருக்கா. இன்னைக்குப் பையில ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் பாருங்க."