ஒரே ஓர் எழுத்து

“தம்பி, லிஃப்ட் பதிவுல ‘பலுது இல்லை’ன்னு இருக்கு பாரு. எங்க எந்த ‘ல’ வரும்னு எனக்கு எப்பவுமே குழப்பம். நீயே திருத்திடு” என்றார் மானேஜர்.

எழுத்துப்பிழையைக் கண்டால் கம்ப்யூட்டர் ஆபரேட்டருக்குக் கை சும்மா இருக்காது. உடனே திருத்தினான்.

மறுநாள் லிஃப்ட் அறுந்து விழுந்து இருவருக்குக் கால் முறிந்தது.

“நான் ‘பழுது உண்டு’ன்னுதானே பதிஞ்சேன்!” என்று அலறினார் மெக்கானிக்.

விசாரணை அதிகாரி திரையைக் காட்டினார். ‘கடைசியாகத் திருத்தியவர், நேரம்’ என்ற கட்டம், யார் தொட்டாலும் பழையதை அழித்துவிட்டுத் தானே நிரம்பிக்கொள்ளும். அதில் ஆபரேட்டரின் பெயர்.

“சார், நான் எழுத்தை மட்டும்தான்...”

“அப்போ ‘உண்டு’வை ‘இல்லை’ ஆக்கினது யாரு? உன் பேர்தானே நிக்குது?”

மானேஜர் அங்கேயே உட்கார்ந்து, தன் கைப்படப் பணிநீக்க உத்தரவை எழுதி நீட்டினார்.

அந்த உத்தரவில் நான்கு இடத்தில் ‘பழுது’ வந்திருந்தது. ஒரு ‘ழ’கூடப் பிசகவில்லை.