வெறும் தரை

செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் படத்தை வைத்து, பயிர் இளசாக இருக்கும்போதே அது இன்னதென்று சொல்லிவிடும் அதிகாரி அவர். மேகம் மூடினாலும் தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அன்று சித்தப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தார். உட்காரும் முன்பே லேப்டாப்பைத் திறந்தார்.

"பாருங்க சித்தப்பா. சுத்தியும் மக்காச்சோளம். நடுவுல நம்ம நிலம் மட்டும் வெறும் தரை. இவன் விதைக்கவே இல்ல."

"விதைச்சாச்சுண்ணே," என்றான் தம்பி.

"நீ புளுகுவ, ரேடார் புளுகாது. தூங்குமூஞ்சிக்கு எதுக்கு நிலம்? சித்தப்பா, இதை உழைக்கிறவன் கைக்கு மாத்திவிடுங்க. அதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

சித்தப்பா தம்பியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உங்கப்பன் பேரைக் கெடுத்துட்டியேடா."

தம்பியின் மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். "கிணத்தை ஒட்டி இருக்கிற துண்டா மாமா?"

"அதேதான். உன் புருஷன் லட்சணத்தை நல்லா பாரு."

"எங்க நிலம் அதுக்குக் கிழக்கால இருக்கு. மக்காச்சோளம் முழங்கால் உயரம் நிக்குது. இது, தண்ணி வசதி இருக்குன்னு பாகம் பிரிக்கிறப்ப நீங்க அடம்பிடிச்சு வாங்கின உங்க பங்கு. அப்புறம் இந்தப் பக்கமே வரல இல்லையா, அதான் அடையாளம் தெரியல."

அதிகாரி லேப்டாப்பை மெல்ல மூடினார்.

சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாத்திடலாம்ப்பா. தம்பி பேருக்கே எழுதிடலாமா?"