தொட்டில் கொக்கி

வாடகை வீட்டு அறை ஒன்றின் விட்டத்தில் ஒரு தொட்டில் கொக்கியும், கடகடவென்று சுற்றும் பழைய விசிறியும் இருந்தன. புதிதாகக் குடிவருபவர்களுக்காக வீட்டுக்காரர் வெள்ளையடித்தார், கட்டில் வாங்கிப் போட்டார், கொக்கியின் துருவையும் தேய்த்து எண்ணெய் பூசினார்.

"இந்தத் தடவை எனக்கும் வேலை இருக்கு, பாரேன்" என்றது கொக்கி.

"பத்து வருஷமா இதைத்தானே சொல்றே" என்று விசிறி சிரித்தது.

வீடு பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவள் கட்டிலைக் கவனிக்கவில்லை. அண்ணாந்து கொக்கியையே பார்த்தாள்.

"என்னைத்தான் பார்க்கிறா!"

கணவன் தணிந்த குரலில் சொன்னான். "வீடு பிடிச்சிருக்கு சார். அந்தக் கொக்கியை மட்டும் எடுத்துடுங்க. போன வீட்டுல தொட்டில் கட்டியிருந்தோம். இப்போ குழந்தை இல்லை."

அவர்கள் குடிவந்த அன்றே ரம்பத்தோடு ஆள் வந்தான். அவள் பக்கத்து அறையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லா சத்தமாச் சுத்து" என்றது கொக்கி விசிறியிடம். "அறுக்கிறது அவளுக்குக் கேட்க வேண்டாம்."