செங்கல் தெளிவாக விழுந்த படம்

பழுதான கேமராக்களைப் பிரித்து மாட்டுவதே பொழுதுபோக்காக இருந்த மரங்கொத்தி, நாலு பேர் மெச்சியதும் ஸ்டுடியோவே திறந்துவிட்டது.

முதலில் வந்த தாய் எருமை, மகளை ஸ்டுடியோவின் செங்கல் சுவர் முன்னால் நிறுத்தி, "மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்பணும் தம்பி, இந்த வரனாவது அமையணும்" என்றது.

மரங்கொத்தி பழக்கதோஷத்தில் செங்கல்லுக்கு ஃபோகஸ் வைத்து அமுக்கியது. ரிப்பேர் முடிந்த லென்ஸை எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் அது சோதிக்கும்.

படத்தில் மகள் கலங்கலாக இருந்தாள்.

"எம்பொண்ணு மூஞ்சி எங்கப்பா?"

"அதை விடுங்கக்கா. செங்கல்லைப் பாருங்க, ஒவ்வொரு கீறலும் எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு."

தரகர் கொக்கு அவசரப்படுத்தியதால் எருமை அதையே கொடுத்தனுப்பியது.

மறுநாளே மாப்பிள்ளை வீட்டுப் பதிலோடு எருமை வந்தது: "எங்களுக்குச் சம்மதம். அது சொந்த வீட்டுச் சுவர்தானே?"

"நான்தான் அப்பவே சொன்னேனேக்கா" என்று மரங்கொத்தி லென்ஸைத் துடைத்து வைத்தது.