முத்தரசி அட்டை

கபடி வீராங்கனை முத்தரசி இறந்த பிறகுதான், அவள் கணவன் இளமாறன் ரசிகர்கள் சேர்க்கும், தொட்டால் அவள் குரலில் பேசும் அட்டையைத் தேடி மதுரை அட்டைச் சந்தைக்கு வந்தான். வீட்டில் அவளே இருந்தபோது அட்டை எதற்கு?

“ரெண்டு கால்பந்து கோல்கீப்பர் அட்டை குடுங்க, முத்தரசியத் தர்றேன்,” என்றார் கடைக்காரர் ஜெபமணி. “ஆட்டத்தப் பத்தி மட்டுந்தான் பேசும். தீவிர ரசிகரோ?”

“ஆமாண்ணே.”

பள்ளி நாளில் சேர்த்த அட்டைகளைக் கொடுத்து அவளை வாங்கினான். விரலால் தொட்டான்.

“அரசி, நான்தான்.”

“வணக்கம்ணே! எந்த ஆட்டத்தப் பத்திச் சொல்லணும்?”

அதே குரல், அதே அவசரம். அண்ணனாம்!

அவள் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட அவன் போய்ப் பார்த்ததில்லை. நடைபாதையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

“மொத ஆட்டத்துலேர்ந்து சொல்லு,” என்றான்.