இருபத்து மூன்றாவது தீப்பெட்டி

“அப்பா, இன்னிக்குப் பெட்டியை நான்தான் திறப்பேன். நேத்து அக்கா திறந்துட்டா!”

சின்னவன் பூசணியின் கூச்சலுக்குக் கொத்தனார் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சுவரில் அறைந்த பலகையில் தீப்பெட்டிகள் வரிசை வரிசையாக ஒட்டியிருந்தன. இருபத்து மூன்றாவது மேல் வரிசையில் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஸ்டூல் போட்டால்தான் எட்டும். ஸ்டூலை இழுக்கிற சத்தமே கேட்கவில்லை. பெட்டி திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“எப்படிடா எட்டினே?”

“எம்பினேன்பா.”

பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கண்ணில் சுண்ணாம்பு தெறித்ததிலிருந்து அவருக்கு உலகமே பனிமூட்டம்தான். எதிரே எரிகிற மெழுகுவத்தி ஒரு மஞ்சள் பொட்டு. பிள்ளைகள் இரண்டு நிழல்.

தீப்பெட்டிகள் அவர் மனைவியின் கைவேலை. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் நாளுக்கொன்றாகத் திறக்க வேண்டும். மொத்தம் இருபத்து நாலு. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. நட்சத்திரம் வெட்டி ஒட்டுங்கள், அப்பாவுக்குக் கால் பிடித்துவிடுங்கள் என்று, அன்றைக்குக் குடும்பமாகச் செய்ய ஒரு வேலை அதில் இருக்கும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது சிட்டு, பூசணி இருவரின் கையையும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“பத்திரம். கடைசிப் பெட்டி திறக்கிற அன்னிக்குப் பாப்பாவோட வந்து நிப்பேன். வந்ததும் இவங்களைத்தான் முதல்ல கேப்பேன்.”

நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனவள். நாளை வந்து கேட்டால் இந்த இரண்டையும்தான் காட்ட வேண்டும். ஆனால் கொஞ்ச நாளாகவே ஒரு புழு அவர் மனதைக் குடைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் வளைய வருவது அவருடைய பிள்ளைகள்தானா?

“சீட்டைப் படி, சிட்டு.”

“மூன்று பேரும் கைகோத்து, மெழுகுவத்தி முன்னால் உட்கார்ந்து, பிறக்கப்போகும் குழந்தைக்காக ஒரு பாட்டுப் பாடுங்கள்.”

ஒரே மூச்சில் படித்துவிட்டாள். ஐந்து வயசு. ‘ழ’ வந்தாலே மாடிப்படி ஏறுகிற மாதிரி மூச்சு வாங்குகிறவள். குரலிலும் ஒரு கரகரப்பு. கேட்டால் சளி என்கிறாள். இருபத்து மூன்று நாளாகவா சளி பிடிக்கும்?

கை நீட்டினார். இரண்டு பக்கமும் வந்து பிடித்துக்கொண்டார்கள். பூசணியின் உள்ளங்கை அவருடையதைவிட அகலமாக இருந்தது. சிட்டுவின் விரல்களில் கணுக்கள் புடைத்திருந்தன. கொத்தனார் வெடுக்கென்று கையை உதறினார். டிசம்பர் மாதம், ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“யாரு நீங்க?”

“சிட்டுப்பா.”

“பூசணிப்பா.”

“பூசணியா? அப்போ சொல்லு, அம்மா போகும்போது உன்கிட்ட என்ன சொன்னா?”

“அப்பா பக்கத்துல படுத்தா மூச்சா போயிடாதேடான்னு சொன்னா.”

சரியான பதில். அதுதான் அவர் சந்தேகத்தை இன்னும் கிளறியது. குரலை வேண்டுமானால் திருடலாம். ஞாபகத்தையுமா திருடுவார்கள்? பச்சைப் பிள்ளைகள், எந்த மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றனவோ! பெற்றவள் வந்தால் தெரிந்துவிடும். தொட்டாலே சொல்லிவிடுவாள். கடைசிப் பெட்டியை இப்போதே திறந்துவிட்டால் அவள் இப்போதே வந்துவிடமாட்டாளா?

எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் பலகையைப் பிடித்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்து ஒன்று, இருபத்து இரண்டு, இருபத்து மூன்று. அதற்கப்புறம் வெறும் மரம். பிய்த்தெடுத்த இடத்தில் காய்ந்த பசை நறநறத்தது.

“இருபத்து நாலு எங்கே?”

“அது நாளைக்குத்தான்பா வரும்” என்றது ஒரு நிழல்.

“பொய்! என் பிள்ளைங்களை என்ன பண்ணினீங்க? சொல்லுங்க, இல்லே கத்தி ஊரைக் கூட்டிடுவேன்!”

இரண்டு நிழல்களும் ஆளுக்கொரு பக்கமாக வந்து அவர் தோளைப் பிடித்தன. திமிறிப் பார்த்தார். ஒரு காலத்தில் சிமெண்ட் மூட்டையை ஒற்றை ஆளாய்த் தூக்கிய உடம்பு, பஞ்சு மாதிரி அவர்களோடு போனது. கட்டிலில் கிடத்தினார்கள். கழுத்துவரை போர்த்திவிட்டார்கள். யாரோ நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். உதடு ஈரமாக இருந்தது.

“கொஞ்ச நேரம் படுத்துக்கோப்பா. எழுந்ததும் பாடலாம்.”

கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனார்கள். கொத்தனார் மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினார். அடுத்த அறையில் பேச்சு. ஆணின் குரல் ஒன்று, பெண்ணின் குரல் ஒன்று. மழலை எங்கே போயிற்று?

“கையை உதறிட்டாரேக்கா. எனக்கு மனசே ஆறலே. பேசாம உண்மையைச் சொல்லிடலாமா?”

“எத்தனை தடவைடா சொல்றது? அம்மா பிரசவத்துலயே போயிட்டாங்கிறதை ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேட்டுட்டு அழறாரு. போன தடவை மூணு நாள் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலே. நாளைக்குப் பலகையை மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சிடுவோம்.”

“அதுவும் சரிதான். ஆனா பகல்ல நாம வேலைக்குப் போனப்புறம் தனியா இருக்காரே, அதான் பயமா இருக்கு.”

“இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கோடா” என்றாள் சிட்டு. “நான் ரிட்டையர் ஆயிட்டேன்னா, அப்புறம் நாள் முழுக்க அஞ்சு வயசாவே இருந்துடுறேன்.”