ஒரு பிடி மண்

"சமாதானம் எல்லாம் நக்கோ, வேண்டாம் அண்ணா. கோடரி வச்சிருந்தவன் பேரை மட்டும் சொல்லுங்க."

சகுந்தலா கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. இருதயராஜ் தலை நிமிரவில்லை.

மாதாப்பூரில் அவள் மகன் ஷ்யாமும் இருதயராஜின் மகனும் ஒரே கம்பெனி. கேண்டீன் பேச்சில்தான் தெரியவந்தது. எழுபத்தொன்று யுத்தத்தில் ஷ்யாமின் அப்பா சங்கரோடு முழுகிப்போன கடற்படை இழுவைப் படகில் உயிர் தப்பிய ஒரே ஆள், தூத்துக்குடியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று.

சின்னப் படகு. குண்டடி பட்ட கப்பல்களை வடம் கட்டி இழுத்துக் கரை சேர்ப்பது அதன் வேலை. கடைசியாக இழுத்து வந்த ரோந்துப் படகில் சகுந்தலாவின் தம்பி சந்திரசேகரன் இருந்தான். பாதி வழியில் அது முழுக ஆரம்பித்தது. பின்னால் வருவது முழுகினால், அது இழுவைப் படகையும் இழுத்துக்கொண்டு போகும் முன் வடத்தை வெட்டிவிட வேண்டும். அதற்கென்றே ஒருவன் கோடரியோடு நிற்பான். அன்று வடம் வெட்டப்படவில்லை. இரண்டும் போயின.

"என் தம்பி விதி அவ்வளவுதான். வெட்டியிருந்தா, இன்ஜின் ரூம்ல இருந்த எங்க வீட்டுக்காரராவது வந்திருப்பார். ஷ்யாம் அப்போ வயித்துல. முப்பது வருஷமா பேர் தெரியாத ஒருத்தனைச் சபிச்சிட்டிருக்கேன்."

"பேரு என்னத்துக்கு, தங்கச்சி?"

"பேர் சொல்லி மண்ணை வாரித் தூத்தணும். அவன் வம்சமே விளங்கக்கூடாது."

இருதயராஜ் சுவரில் மாட்டியிருந்த சங்கர், சந்திரசேகரன் போட்டோக்களைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நாந்தான்."

சகுந்தலா எழுந்தாள். மூன்றாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? பால்கனியிலிருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் கையை விட்டு, வேரோடு ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். குறுக்கே வந்த ஷ்யாமை முழங்கையால் தள்ளினாள்.

"கோடரி கையில இருந்துச்சே. ஏன்யா வெட்டல?"

"என்னைத் தூத்து, தங்கச்சி. என் பிள்ளையை விட்டுரு." அவர் வலது கையை மேலே தூக்கிக் காட்டினார். "ஓங்கிட்டேன். அதுக்குள்ள சங்கர் கீழேருந்து ஓடி வந்து வடத்து மேல குப்புறப் படுத்துக்கிட்டான். புரட்டிப் பார்த்தேன், எந்திரிக்கல. 'தம்பி இல்லாம வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு செகந்திராபாத் ஸ்டேஷன்ல சகுந்தலா சத்தியம் வாங்கிட்டாடா'ன்னான்."

அவள் விரல்கள் தாமாகப் பிரிந்தன. மண் அவள் காலடியிலேயே கொட்டியது.